கையாண்டால் கேடில்லை: ‘கேனி’ என்னும் ஸ்காட்ஸ் பெயரடையின் பொருள் வரலாறு

பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கும், உதைக்காத குதிரைக்கும், நல்ல நேரத்துக்கும், காசை எண்ணிச் செலவழிக்கும் வணிகனுக்கும், அவசரமில்லாமல் வேலை பார்க்கும் கூலியாளுக்கும் ஒரே பெயரடை பொருந்துமானால் அச்சொல்லின் பொருள்தான் என்ன? ஸ்காட்லாந்தின் தாழ்நிலங்களில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியின் ‘கேனி’ என்ற சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அகராதிக்காரர்களை இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நிற்க வைத்திருக்கிறது. (ஸ்காட்லாந்தார் வாயில் அது ஏறத்தாழ ‘கனி’ என்றே ஒலிக்கும். தமிழ்க் கண்ணுக்கு அது பழமாகிவிடும் என்பதால் ஆங்கிலேயர் உச்சரிப்பை ஒட்டி இங்கே எழுதப்படுகிறது.) அறிவே இச்சொல்லின் வேர், மற்றவை கிளைகள் என்பது ஒரு விடை. எச்சரிக்கையும் சிக்கனமுமே அதன் நடுத்தண்டு என்பது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத சக்திகள் பற்றிய அச்சத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது மூன்றாவது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ‘கேனி’ என்பதை, அந்தப் பெயரைத் தாங்கிய ஆளிடமோ பொருளிடமோ குடியிருக்கும் ஒரு குணமாகவே அவை எடுத்துக்கொள்கின்றன. கிடைக்கும் பயன்பாடுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கையில், சொல் எடைபோடுவது குணத்தை அல்ல, ஒரு கொடுக்கல் வாங்கலை என்று தோன்றுகிறது. இவரோடு, இதனோடு, இந்த வேளையில் பழகினால் கேடு வருமா வராதா என்பதே அது கேட்கும் கேள்வி. இந்த வாசிப்பு எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே இடறும் என்பதைக் கீழே காணலாம்.

சான்றுகள் கிடக்கும் கிடப்பு

பழைய ஸ்காட்ஸ் என்று அறிஞர்கள் குறிப்பது பொதுவாக 1700 வரையிலான மொழியை. அதன் முதல் பெரும் இலக்கியம் ஜான் பார்பரின் ‘புரூஸ்’. காலம் 1375ஐ ஒட்டியது. அந்த நீண்ட காலப்பரப்பில் ‘கேனி’ தாமதமாகவே தலைகாட்டுகிறது. அதன் எதிர்மறை வடிவமான ‘அன்கேனி’ 1590களில் தீங்கு செய்கிற, வன்மமுள்ள என்ற பொருளில் பதிவாகிறது. ‘கேனி’க்குத் தெளிவான, தொடர்ச்சியான சான்றுகள் 17ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கிடைக்கத் தொடங்குகின்றன. ஹென்ரிசன், டன்பார் போன்ற பெருங்கவிஞர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டார்கள். ஆகவே இச்சொல்லின் இளமையைக் கவிதையில் தேடிப் பயனில்லை. கடிதங்களிலும் ஆவணங்களிலும்தான் தேட வேண்டும்.

தேடியவர்களின் வரிசை நீளமானது. போதகரான ஜான் ஜேமிசன் 1808இல் எடின்பரோவில் வெளியிட்ட ஸ்காட்ஸ் சொற்பிறப்பு அகராதி முதற்படி. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் சி எழுத்தின் முதற்பகுதி 1888இல் ஜேம்ஸ் மரேயின் கையால் வந்தது. மரே ஸ்காட்லாந்தின் தென்கோடியில் டென்ஹோம் என்ற ஊரில் பிறந்தவர்; இச்சொல்லை ஏட்டில் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டு வளர்ந்தவர். ஜோசப் ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை வெளிவந்தது. பிறகு இரு பெரும்பணிகள் நடந்தன. வில்லியம் கிரெய்கி தொடங்கிய பழைய ஸ்காட்ஸ் அகராதி 1931 முதல் 2002 வரை 12 தொகுதிகளாகவும், வில்லியம் கிரான்ட்டும் டேவிட் மியூரிசனும் நடத்திய ஸ்காட்டிஷ் தேசிய அகராதி 1931 முதல் 1976 வரை 10 தொகுதிகளாகவும் வெளிவந்தன. முதலாவது 1700இல் நிற்கும், இரண்டாவது அங்கிருந்து புறப்படும்.

இந்த வேலி மற்ற சொற்களுக்குப் பெரிய தொல்லை அல்ல. ‘கேனி’க்கு அது பெருந்தொல்லை, ஏனெனில் சொல்லின் வாழ்வு அந்த வேலிக்கு இருபுறமும் கிடக்கிறது. இடப்பக்கம் விவேகமும் எச்சரிக்கையும், வலப்பக்கம் மென்மை, நல்ல சகுனம், மருத்துவச்சி, மந்திரம். இரண்டு அகராதிகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர் சொல் 1700ஐத் தாண்டியதும் திடீரெனக் கிளை விரித்தது என்று நினைத்துவிடுவார். உண்மையில் மாறியது சொல் மட்டும்தானா, அதைப் பதிவுசெய்த தாள்களுமா என்பது தனிக்கேள்வி. 17ஆம் நூற்றாண்டின் சான்றுகளில் பெரும்பங்கு சமயப் பூசலில் சிக்கிய போதகர்களும் அலுவலர்களும் எழுதியவை. அரசியல் பேசுகிறவர்கள் எச்சரிக்கையைப் பற்றிப் பேசுவது இயல்பு. 18ஆம் நூற்றாண்டில் கிராமத்துக் கவிதையும் 19ஆம் நூற்றாண்டில் நாவலும் வந்த பிறகே குதிரையும் தொட்டிலும் பேய்வீடும் தாளுக்கு ஏறுகின்றன. ஒரு பொருள் தாமதமாகப் பதிவானது என்பதற்கும் தாமதமாகப் பிறந்தது என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை மறக்காமல் மேலே செல்வோம்.

அறிவு என்ற விடை

மிகப் பழைய விடையும் இன்றளவும் வலுவான விடையும் இதுவே. ‘கேன்’ என்ற வினைக்கு இன்று முடியும் என்று பொருள். முன்பு அறிந்திருத்தல், செய்யத் தெரிந்திருத்தல் என்பதும் அதன் பொருள். அதனோடு ஒரு விகுதி சேர்ந்து பிறந்தது ‘கேனி’. ஸ்காட்ஸில் அறிதலைக் குறிக்கும் ‘கென்’ இதன் நெருங்கிய உறவு. தெரிந்தவர் தவறமாட்டார், தவறாதவர் நிதானமானவர், நிதானமானவர் மென்மையானவர், செலவிலும் அளவோடு இருப்பவர் என்று படிப்படியாக இறங்கினால் எல்லாப் பொருளும் வரிசையில் வந்துவிடும். ஜேமிசன் வேரை ஐஸ்லாந்து மொழியில் தேடினார். ஸ்காட்ஸ் மொழி ஆங்கிலத்தின் கிளை அல்ல, பிக்டுகள் என்ற பழங்குடியினரின் காத்திய மொழியிலிருந்து தனியே வந்தது என்பது அவருடைய அகராதியின் முன்னுரை வாதம். அந்த நோக்கில் வடதேச உறவுகள் அவருக்கு இனித்தன. பிக்டுகளைப் பற்றிய அக்கருத்து பிற்காலத்தில் கைவிடப்பட்டது. வேர் உள்ளூர் வினையிலேயே இருக்கிறது என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்படுவது.

வேரைப் பற்றி எனக்கும் வேறு கருத்து இல்லை. சிக்கல் வேருக்கு மேலே தொடங்குகிறது. ஜேமிசன் தம் அகராதியில் இச்சொல்லுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட பொருள்களைத் தனித்தனியே எண்ணிட்டு அடுக்கினார். கூர்மை, கஞ்சத்தனமில்லாத சிக்கனம், நியாயமான விலை, கைத்திறன், இனிய பேச்சு, மெதுவான நடை, ஆபத்தின்மை, அதிர்ஷ்டம் என்று அது போகிறது. இவற்றில் பாதி மனிதருக்குப் பொருந்தும். மீதியை என்ன செய்வது? நேரம் எதை அறியும்? வீடு எதை அறியும்? சாலைக்குச் செய்யத் தெரிந்தது என்ன? அறிவு என்ற விடையை அப்படியே பிடித்தால் இவையெல்லாம் உருவகம் என்று தள்ளிவிட வேண்டியிருக்கும். சொல்லின் அன்றாட வாழ்வில் பாதியை உருவகம் என்று தள்ளுகிற விளக்கம் எங்கோ பிசகியிருக்கிறது.

இதே வினையின் குடும்பத்தைப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. ஆங்கிலத்தின் ‘கன்னிங்’ இதே வேரிலிருந்து வந்தது. திறமையில் தொடங்கிச் சூழ்ச்சியில் முடிந்தது. அது என்றும் ஆளின் பக்கமே நின்ற சொல். ஆனால் ‘அன்கூத்’, அதன் சுருங்கிய ஸ்காட்ஸ் வடிவமான ‘அன்கோ’ ஆகியவை இதே வினையின் இறந்தகால எச்சத்திலிருந்து வந்தவை. அவற்றின் முதற்பொருள் அறியப்படாதது. அதாவது எனக்கு, உனக்கு, ஊராருக்கு அறிமுகமில்லாதது. அதிலிருந்து விநோதமானது, பிறகு வெறும் ‘மிகவும்’ என்ற அழுத்தச்சொல் வரை அது இறங்கிவந்தது. ஆக ஒரே குடும்பத்தில் அறிகிறவரைச் சுட்டும் உறுப்பும் இருக்கிறது, அறியப்படுவதைச் சுட்டும் உறுப்பும் இருக்கிறது. ‘கேனி’ இவ்விரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. கையாளத் தெரிந்தவரும் ‘கேனி’, கையாளத் தக்கதும் ‘கேனி’.

சிக்கனம் என்ற விடை

ஸ்காட்லாந்துக்கு வெளியே ‘கேனி’ என்றதும் நினைவுக்கு வருவது பணத்தில் கெட்டியான ஸ்காட்லாந்துக்காரர். ஆங்கில நகைச்சுவை இந்த ஆளை 19ஆம் நூற்றாண்டு முழுக்க உருட்டி விளையாடியது. ‘பஞ்ச்’ இதழில் 1868இல் சார்லஸ் கீன் வரைந்த சித்திரம் அதன் உச்சம்: லண்டனுக்குப் போய்வந்த ஸ்காட்லாந்துக்காரர், போன சற்று நேரத்திலேயே ஆறு பென்ஸ் போய்விட்டதென்று ஊராரிடம் அங்கலாய்க்கிறார். இந்த வழக்கை வைத்து, சொல்லின் நடுப்பொருளே எச்சரிக்கை கலந்த தன்னலம், மற்றவை அதன் மென்மையான முகங்கள் என்று கொள்பவர்கள் உண்டு.

இதற்குப் பழைய சான்று இல்லாமல் இல்லை. 1636இல் ஆயர்களின் ஆட்சியை எதிர்த்ததற்காக அபர்டீனுக்கு அனுப்பப்பட்ட போதகர் சாமுவேல் ரூதர்ஃபோர்ட், அங்கிருந்து எழுதிய கடிதமொன்றில், புயலுக்கு அஞ்சிப் பக்கத்துக் கரையில் ஒதுங்கிக்கொள்ளும் மனிதர்களின் அறிவுக்கு இந்தப் பெயரடையைச் சூட்டுகிறார். அது பாராட்டு அல்ல, குத்தல். அதே காலத்தில் எழுதிய ராபர்ட் பெய்லியின் கடிதங்கள் இச்சொல்லின் தொடக்ககாலச் சுரங்கம். பெய்லி 1638இன் கிளாஸ்கோ திருச்சபைப் பேரவையில் இருந்தவர், பின்னாளில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் முதல்வர். அவருடைய கடிதங்களில் அது அரசியல் நெளிவுசுளிவுக்கான சொல்லாக, பெரும்பாலும் குறைகூறாத தொனியில் வருகிறது. ஆக 1630களிலேயே ஒரே தலைமுறையின் இரு போதகர்கள் ஒரே சொல்லை எதிரெதிர்த் தொனியில் ஆள முடிந்திருக்கிறது. காரணம் எளிது. ஒதுங்கியவருக்குக் கேடில்லை, ரூதர்ஃபோர்டின் பார்வையில் திருச்சபைக்குக் கேடு. சொல் மாறவில்லை, யாருக்குக் கேடில்லை என்ற கேள்விக்கு வந்த விடை மாறியது.

ஆனால் ரூதர்ஃபோர்டின் குத்தலுக்கும் ஆறு பென்ஸ் கேலிக்கும் நேர்வழி போடுவது கடினம். நடுவில் நிற்கும் சாட்சிகள் ஒத்துழைப்பதில்லை. ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகளுக்கு 1787 எடின்பரோ பதிப்பில் சேர்க்கப்பட்ட அருஞ்சொற்பட்டியல் இச்சொல்லுக்குத் தரும் பொருள்கள் மென்மையான, சாதுவான, கைத்திறமுள்ள என்பவை. பணம் அங்கே இல்லை. எல்லைக்குத் தெற்கே நியூகாசில் வழக்கறிஞர் ஜான் டிராட்டர் பிராக்கெட் 1825இல் தொகுத்த வடநாட்டுச் சொற்பட்டியல் இதைத் தங்கள் ஊரின் அசல் சொத்து என்று உரிமை கொண்டாடுகிறது. அழகுக்கும் நன்னடத்தைக்கும், குறிப்பாக வீட்டில் உடன்வாழ இனிமையான சுபாவத்துக்கும் அது வழங்குவதாகச் சொல்கிறது. இன்றும் நியூகாசிலில் அது நல்ல, இதமான என்ற பொருளிலும், ஓரளவு என்ற அடையாகவும் உயிரோடு இருக்கிறது. சொல்லை வீட்டில் புழங்கியவர்கள் தரும் விளக்கத்தில் சிக்கனம் ஒரு மூலையில் நிற்கிறது. வெளியிலிருந்து கேட்டவர்கள் தரும் விளக்கத்தில் அது நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. சிக்கனம் பொய்ப்பொருள் என்பதல்ல, ஜேமிசனே அதைச் சேர்த்திருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரரோடு வியாபாரம் செய்து ஏமாந்ததாகக் கருதிய அயலாரின் கண்ணில் அது ஊதிப் பெருத்தது என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. கேலிச்சித்திரத்தை வைத்துச் சொல்லின் கருப்பொருளைத் தீர்மானிப்பது, கண்ணாடியில் தெரியும் முகத்தை விட்டுச் சட்டத்தை வருணிப்பது போன்றது.

காத்து கருப்பு என்ற விடை

மூன்றாவது விடை தலைகீழாகத் தொடங்குகிறது. ‘அன்கேனி’ என்ற எதிர்மறையும், அதைவிடப் பரவலாக ‘நோ கேனி’ என்ற பேச்சுவழக்கும் ஒரு இடத்தை, ஆளை, செயலை ஆகாது என்று ஒதுக்கப் பயன்பட்டன. 1770களில் ‘அன்கேனி’ இயற்கைக்கு மீறியவற்றோடு சேர்ந்து பதிவாகிறது. ஸ்காட்லாந்தின் சூனியத் தடைச் சட்டம் 1563இல் வந்தது, 1736இல்தான் நீங்கியது. அந்தக் காலத்தில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பு திரட்டியிருப்பவர்கள் 3,837 பேர். அப்படிப்பட்ட சமூகத்தில் எதனோடு பழகலாம், எதனோடு கூடாது என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இந்த விடையின் சிறந்த சாட்சி ‘கேனி வைஃப்’, அதாவது மருத்துவச்சி. பிரசவ வேளைக்கும் ‘கேனி’ அடையாகும். வால்ட்டர் ஸ்காட் 1815இல் வெளியிட்ட ‘கை மேனரிங்’ நாவலின் தொடக்கத்தில் பிரசவ வேளையைக் குறித்த அத்தொடர் வருகிறது, அதே இரவில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு வழிப்போக்கர் சாதகம் கணிக்கிறார். பிரெஞ்சில் மருத்துவச்சிக்கு வழங்கும் பெயரும் சொல்லுக்குச் சொல் அறிவுள்ள பெண் என்பதே. ஆகவே அகராதிகள் இதை அறிவுப்பொருளின் கீழ் வைப்பது வழக்கம். ஆனால் அறிவுள்ள பெண் என்பது 16ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் எவ்வளவு வழுக்கலான பட்டம் என்பதை அக்னெஸ் சாம்ப்சனின் கதை காட்டுகிறது. நோய் தீர்ப்பவராக, பிரசவம் பார்ப்பவராக ஊரார் நாடிய அவரைக் கீத் ஊரின் ‘வைஸ் வைஃப்’ என்று அழைத்தார்கள். நார்த் பெரிக் சூனிய வழக்கில் ஆறாம் ஜேம்ஸ் மன்னரே அவரை விசாரித்தார். 1591இல் கொல்லப்பட்டார். அறிவு அதே அறிவுதான். நேற்று தாயைக் காத்ததென்று நம்பப்பட்டது, இன்று மன்னரின் கப்பலைக் கவிழ்க்கப் பார்த்ததென்று நம்பப்பட்டது. இங்கே ‘வைஸ்’ என்ற சொல்லால் அந்த வேறுபாட்டைச் சொல்ல முடியவில்லை. ‘கேனி’ சொல்லும்: இவளை வீட்டுக்குள் அழைக்கலாம்.

அப்படியானால் ஸ்காட்டின் 1816 நாவலான ‘கரிய குள்ள’னில் வரும் எல்ஷியை என்ன செய்வது? ஊருக்கு வெளியே தரிசில் தனியே வாழும் அவரை, மாய அறிவுள்ளவர் என்று அஞ்சும் எல்லைப்புற மக்கள் ‘கேனி எல்ஷி’ என்கிறார்கள். தென்பகுதி வழக்கில் இச்சொல்லுக்கு மந்திர அறிவு என்ற பொருளும் உண்டு என்று ஜேமிசனின் அகராதி மரபும் பதிந்திருக்கிறது. பழகினால் கேடில்லை என்பது கருப்பொருளானால், எல்லோரும் நடுங்கும் ஆளுக்கு இப்பெயர் எப்படி ஒட்டும்? அறிவுப்பொருள் எல்லைப்புறத்தில் பழைய உருவிலேயே பிழைத்திருந்தது என்பது ஒரு விளக்கம். மறுக்க முடியாத விளக்கம்தான். ஆனால் இன்னொன்று அருகிலேயே இருக்கிறது. அபர்ஃபாயில் போதகர் ராபர்ட் கிர்க் 1690களின் தொடக்கத்தில் எழுதிய ‘மறைவான பொதுநலநாடு’ என்ற நூலில், மக்கள் தேவதைகளை நல்லவர்கள் என்று அழைப்பதே அவர்களால் வரும் தீங்கைத் தடுப்பதற்காகத்தான் போலும் என்று குறிப்பிடுகிறார். தாழ்நிலத்தார் அவர்களை ‘நல்ல அண்டை வீட்டார்’ என்றார்கள். நாகத்தை நல்ல பாம்பு என்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எல்ஷிக்குச் சூட்டிய ‘கேனி’ அவருடைய குணத்தின் விவரணையாக இல்லாமல், அவரிடம் வைக்கும் விண்ணப்பமாக இருக்கலாம். அப்படியானால் அது கருப்பொருளுக்கு விலக்கல்ல, அதன் மிகத் தீவிரமான பயன்பாடு.

எதிர்மறையிலிருந்து பார்த்தால்

இந்த இழைகளை இப்படிச் சேர்க்கலாம். ‘கேனி’ மூன்று இடங்களில் நிற்கிறது: கேடு வராமல் கையாளும் ஆள், கையாண்டால் கேடு தராத பொருள் அல்லது வேளை, கேடு வராதபடி செய்யும் முறை. மருத்துவச்சி முதலிடம், சாதுவான குதிரையும் நல்ல வேளையும் இரண்டாமிடம், மெல்ல வண்டியோட்டுவது மூன்றாமிடம். மூன்றுக்கும் பொதுவானது அறிவு அல்ல, கேடின்மை. கேடின்மை என்பது தன்னளவில் ஒரு எதிர்மறை. அதனால்தான் சொல் எதிர்மறையில்தான் மிகக் கூர்மையாக ஒலிக்கிறது. ஆபத்தில்லாத வீட்டை ஆபத்தில்லாத வீடு என்று யாரும் போகிற போக்கில் சொல்வதில்லை. ஆகாத வீட்டை ஆகாது என்று சொல்லியே தீர வேண்டும்.

இதற்கு மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கலாம். முதலாவது, ஆளுக்குரிய அடையைப் பொருளுக்கு ஏற்றுவது எல்லா மொழியிலும் நடப்பது, அதற்கு ஒரு தனிக்கருப்பொருள் தேவையில்லை என்பது. சரிதான். ஆனால் அந்த ஏற்றம் ஒருவழிப் பாதையாக இருந்தால் ஆளின் பொருளே வலுவாகவும் பொருளின் அடை மங்கலாகவும் இருக்க வேண்டும். இங்கே நிலைமை அப்படியில்லை. இடம், வேளை, செயல் பற்றிய வழக்கு ஆளைப் பற்றிய வழக்குக்குச் சற்றும் குறையாத உறுதியோடு நிற்கிறது, அதன் எதிர்மறை பிற்காலத்தில் பொது ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டது. இரண்டாவது மறுப்பு கனமானது. ஆவணங்கள் ஆபத்தைப் பதியும், நலத்தைப் பதியாது. வழக்குமன்றத்துக்கு வருவது உதைத்த குதிரைதான். எனவே எதிர்மறை முந்திக் கிடைப்பது சொல்லின் இயல்பைக் காட்டவில்லை, தாளின் இயல்பைக் காட்டுகிறது. இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘அன்கேனி’ முதலில் கிடைக்கிறது என்பதை மட்டும் வைத்து எதிர்மறையே மூத்தது என்று வாதிடக் கூடாது. ஒட்டுமுறை இலக்கணமே அதை மறுக்கும், நேர்வடிவம் இல்லாமல் முன்னொட்டு எதன் மேல் ஒட்டும்? நான் சொல்வது மூப்பைப் பற்றி அல்ல. நேர்வடிவத்தின் பொருள்களை வரிசைப்படுத்த எதிர்மறையே நல்ல அளவுகோல் என்பதுதான். மூன்றாவது மறுப்பு, கேடின்மை என்பது அவ்வளவு அகன்ற வலை, எந்த நல்ல சொல்லும் அதில் விழும் என்பது. அதுவும் முழுக்கத் தவறல்ல. ஆனால் வலையில் விழாதவற்றைக் கவனியுங்கள். வீரன் ‘கேனி’ அல்ல, தாராளமானவன் ‘கேனி’ அல்ல, மேதையும் அல்ல. ஸ்காட்ஸில் அவர்களுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. கேடு நேரக்கூடிய ஒரு பழக்கம் முன்னால் இருந்தால் மட்டுமே இச்சொல்லுக்கு வேலை.

வண்டிக்காரர் சொல் துறைமுகத்துக்கு வந்தது

இந்த வாசிப்பைச் சோதிக்க நல்ல இடம் ‘கா கேனி’. ‘கா’ என்பது குரல் கொடுத்து மாட்டையும் குதிரையையும் ஓட்டுவது. மெல்ல ஓட்டு, பார்த்துப் போ என்பது தொடரின் பொருள். நம் தென்மாவட்டத்தார் ‘சூதானமாப் போ’ என்பதன் நேர்ச்சகோதரன். 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது. அவர்களுக்குப் பதிலாக இறக்கப்பட்டிருந்தவர்கள் பண்ணை வேலையாட்கள், மூட்டை தூக்கிப் பழக்கமில்லாதவர்கள். தொழிற்சங்கத் தலைமை தன் ஆட்களிடம், திரும்பிப் போங்கள், அந்தப் பண்ணையாட்கள் செய்த வேகத்திலும் நேர்த்தியிலுமே நீங்களும் செய்யுங்கள், முதலாளிகள் அவர்களைத்தானே மெச்சினார்கள் என்று சொன்னதாக வரலாறு. சில நாட்களில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். பிரெஞ்சுத் தொழிற்சங்கவாதி எமீல் பூஜே இந்தக் கதையை எடுத்துக்கொண்டார். 1897இல் தூலூஸ் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட அறிக்கையில் ‘சபோத்தாஜ்’ என்ற முறை இந்த ஸ்காட்லாந்து உத்தியின் பிரெஞ்சு வடிவமாகவே விளக்கப்பட்டது. 1911இல் ஃப்ரெடரிக் டெய்லர் தம் மேலாண்மை நூலில், தொழிலாளர் வேண்டுமென்றே குறைவாக வேலை செய்வதற்கு ஸ்காட்லாந்தில் வழங்கும் பெயர் என்று இதையே சுட்டினார்.

டெய்லரின் காதில் இது சோம்பல். பத்திரிகைகளின் காதில் சூழ்ச்சி. துறைமுகத்தில் நின்றவர்களின் காதில் இது வண்டிக்காரர் காலத்துப் பொருளிலேயே இருந்தது: உடம்புக்குக் கேடில்லாமல் வேலை செய். ரூதர்ஃபோர்டின் கடிதத்தில் நடந்ததே இரண்டரை நூற்றாண்டு கழித்து மறுபடி நடக்கிறது. சொல்லில் இருப்பது ஒரு காலியிடம், யாருக்குக் கேடில்லை என்பது. அதில் தன் பெயரை எழுதிக்கொள்பவருக்கு அது புகழ்ச்சி, அங்கே பிறர் பெயரைக் காண்பவருக்கு அது ஏச்சு. அறிவிலிருந்து சூழ்ச்சிக்குச் சொல் ஒரே திசையில் தேய்ந்தது என்ற விளக்கத்தால் இந்த ஊசலாட்டத்தைப் பிடிக்க முடியவில்லை.

வியன்னாவின் நிழல்

இச்சொல்லைப் பற்றிய அண்மைக்காலப் பேச்சில் வியன்னாவின் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் நிழல் நீளமாக விழுகிறது. 1919இல் அவர் எழுதிய ‘டாஸ் உன்ஹைம்லிஷ’ கட்டுரைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு ‘தி அன்கேனி’ என்று தலைப்பிட்டது. ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970இல் மனித உருவ ரோபோக்கள் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பும் பின்னர் ஆங்கிலத்தில் ‘அன்கேனி பள்ளத்தாக்கு’ ஆயிற்று. இரண்டிலும் ஸ்காட்ஸ் சொல் வெறும் வாடகைக்கு வந்தது. ஜெர்மன் சொல்லின் வேர் வீடு, ஸ்காட்ஸ் சொல்லின் வேர் அறிதல். வீட்டுக்குரியது என்ற சொல்லே ஒளித்துவைக்கப்பட்டது என்று திரிந்து தன் எதிர்ச்சொல்லோடு கலந்துவிடுவதை ஃப்ராய்டு காட்டினார். கேனி எல்ஷியை வைத்து ஸ்காட்ஸிலும் அதே நடந்தது என்று சொல்லத் தூண்டும். ஒற்றுமை கவர்ச்சியானது, ஆனால் வழி வேறு. அங்கே மறைப்பு, இங்கே முகத்துதி. மொழிபெயர்ப்பாளரின் தேர்வை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளலாகாது.

திறந்திருக்கும் கதவுகள்

வேர் ஏறக்குறையத் தீர்ந்த விஷயம். சிக்கனப்பொருள் வெளியாரால் பெருத்தது என்பது வலுவாகவே நிற்கிறது, முழுதும் நிறுவப்பட்டதாகச் சொல்ல முடியாவிட்டாலும். நியூகாசிலின் இனிமைப்பொருள் ஸ்காட்லாந்திலிருந்து தெற்கே போனதா, எல்லையின் இருபுறமும் தனித்தனியே முளைத்ததா என்பதில் முடிவு இல்லை. வட்டார வழக்குகள் எழுத்துக்கு வந்த காலம் தாமதமானதால் அச்சிட்ட நூல்களை வைத்து இது தீர்வதற்கில்லை. எல்ஷியின் ‘கேனி’ பழைய அறிவுப்பொருளின் எச்சமா, அஞ்சியவர்களின் முகத்துதியா என்பதில் என் சாய்வைச் சொன்னேன். நாவலாசிரியர் ஒருவரின் காது தந்த சாட்சியத்தின் மேல் அதற்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது.

பெரிய இடைவெளி பிரசவ அறையில் இருக்கிறது. ‘கேனி வைஃப்’ அச்சில் தாமதமாகவே தென்படுகிறது. அதை வைத்து அப்பொருள் இளையது என்றால், எழுதத் தெரிந்த ஆண்கள் கதவுக்கு வெளியே நின்ற ஓர் இடத்தின் பேச்சை அவர்களுடைய கடிதங்களை வைத்து அளக்கிறோம் என்றாகும். பெண்கள் தங்களுக்குள் பேசியது பதிவான முக்கியமான பழைய இடம் திருச்சபை ஊர்மன்றங்களின் குறிப்பேடுகள். வசவு, பழி, பிறப்பு எல்லாம் சாட்சிகளின் வாய்மொழியாகவே அங்கே வரும். 2021 முதல் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அவை கையெழுத்துப் பக்கங்களின் படங்கள், சொல்லைத் தட்டித் தேட முடியாது. 1700க்கு முந்தைய ஒரு பக்கத்தில், மருத்துவச்சியைப் பற்றிய ஒரு பெண்ணின் வாக்குமூலத்தில் இச்சொல் இருந்தால் அகராதியின் பொருள் வரிசையே தலைகீழாக அடுக்கப்பட வேண்டியிருக்கும். அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.